மொட்டைமாடியில் காயும் தண்ணீர்

"சோலார் வாட்டர் ஹீட்டர் என்ன விலைங்க?" என்று ஃபோன் வந்தால், கோயம்புத்தூர் வடவள்ளிப் பக்கத்து அந்த பிளம்பர் விலை சொல்வதில்லை. "உங்க பாத்ரூம் எந்த மூலையிலங்க? மாடித் தொட்டி எத்தனை அடி ஒசரத்துல இருக்குது?" என்று திருப்பிக் கேட்பார். பாதிப் பேர் அதோடு ஃபோனை வைத்துவிடுவார்கள். விலை கேட்டால் விலை சொல்கிற ஆட்களுக்கு ஊரில் பஞ்சமில்லை. மீதிப் பேர் மாடி ஏறிப் பார்த்துவிட்டு மறுபடியும் கூப்பிடுவார்கள். இருபது வருடத்துக்கு மேலாக அவருக்குச் சோறு போடுவது அந்த மீதிப் பேர்தான்.

தொழிலுக்கு வந்தபோது அவருக்குச் சோலாரும் தெரியாது, பிளாஸ்டிக் குழாயும் தெரியாது. பத்தாம் வகுப்போடு பள்ளியை முடித்துக்கொண்டு, மாமாவின் பின்னால் ஜி.ஐ. பைப்புக்கு மரை வெட்டப் போனவர். சணலைச் சுற்றி, ஒயிட் லெட் தடவி, ரெஞ்ச் போட்டு இறுக்குவதுதான் அன்றைக்கு பிளம்பிங். சுடுதண்ணீர் அவர்கள் வேலைக்குள்ளேயே வராது. கொங்கு நாட்டு வீடுகளில் அது புழக்கடைச் சமாச்சாரம். செப்பு பாய்லரின் நடுக்குழலில் தேங்காய்த் தொட்டியையும் பருத்திமாரையும் போட்டுப் பற்றவைத்தால், ஒருவர் பின் ஒருவராக வீடே குளித்து முடித்துவிடும். விறகுக்குக் காசு கிடையாது. புகையைக் குடிப்பதற்கும் சாம்பலை அள்ளுவதற்கும் வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். அந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதவில்லை.

குளியலறை வீட்டுக்குள் வந்து, கூரையோரத்தில் வெள்ளைக் கீசர் தொங்க ஆரம்பித்த பிறகுதான் சுடுதண்ணீர் பிளம்பரின் கைக்கு வந்தது. கூடவே, "கீசர் கரண்டத் திங்குதுங்க" என்ற புகாரும் வந்தது.

அந்தப் புகாருக்கு அவருக்குப் பதில் கிடைத்தது பீளமேட்டில், பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டில். ஒரு யூனிட் மின்சாரம் 860 லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி ஏற்றும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். கீசரில் இருக்கும் கம்பிச்சுருள் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடப்பதால், அது வாங்கும் மின்சாரம் அநேகமாக முழுவதும் தண்ணீருக்குத்தான் போகிறது. அந்த வகையில் விலை குறைந்த கீசரும் விலை கூடிய கீசரும் ஒன்றுதான். தண்ணீருக்குள் போன சூடு அதற்குப் பிறகு எங்கே போகிறது என்பதில்தான் வித்தியாசம் ஆரம்பிக்கிறது. 860 என்ற எண்ணை பிளம்பர் தன் கடைச் சுவரில் பெயின்ட்டால் எழுதிவைத்தார். வருகிறவர்கள் அதை ஃபோன் நம்பரின் மிச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த எண்ணை வைத்து அவர் போடும் கணக்கு எளிமையானது. மாடித் தொட்டித் தண்ணீர் 25 டிகிரி, மேலுக்கு இதமான தண்ணீர் 40 டிகிரி. 20 லிட்டர் வாளி ஒன்றை 15 டிகிரி ஏற்ற 0.35 யூனிட் போதும். நாலு பேர் வாளியில் குளித்தால் நாளைக்கு 1.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 84. அதே நாலு பேர், நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரின் கீழ் ஆளுக்கு 8 நிமிடம் நின்றால், நாளைக்கு நாலரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 270. கீசர் ஒன்றுதான், தண்ணீரின் சூடும் ஒன்றுதான். வாளிக்கும் ஷவருக்கும் நடுவில் மட்டும் மின்கணக்கு மூன்று மடங்காகிவிடுகிறது. மகன் வீட்டோடு வந்து குடியேறிய பெற்றோருக்கும் மருமகளுக்கும் நடுவில் இந்தக் கணக்கை அவர் ஒருமுறை விளக்கப் போய், அரைமணி நேரம் பஞ்சாயத்து பண்ண வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் இந்த யூனிட்டுகளுக்குத் தனி மரியாதை ஒன்று உண்டு. வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் 500ஐத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஓடியிருந்தால் 1,958 ரூபாய். கடைசியாக ஓடிய அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். விலைகள் பிறகு ஏறியிருந்தாலும் 500இல் இருக்கிற படி போய்விடவில்லை. ஆகவே ஒரு வீட்டுக்குப் போனதும் அவர் கேட்டு வாங்குவது மின்வாரியத்தின் பழைய ரசீதுகளை. 520, 560 என்று ஓடும் வீட்டில் சுடுதண்ணீர்ச் செலவைக் குறைத்தால் காசு உடனே கையில் தெரியும். 300 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கு, "இப்ப என்னத்துக்குங்க சோலாரு? இருக்கறதயே சரி பண்ணிக்கலாம்" என்பார். வியாபாரி பேசுகிற பேச்சு இல்லை இது. அவருடைய மனைவியே அப்படித்தான் சொல்கிறார்.

இருப்பதைச் சரிபண்ணுவதிலும் விஷயம் இருக்கிறது. கீசரின் நட்சத்திர முத்திரையை எல்லோரும் பார்க்கிறார்கள்; அதன் கீழே சின்ன எழுத்தில் உள்ளதைப் படிப்பவர் குறைவு. சூடான தண்ணீரை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தால் 24 மணி நேரத்தில் எத்தனை யூனிட் வீணாகும் என்ற எண் அது. நட்சத்திரம் கூடக்கூட அந்த இழப்பு குறையும். அதாவது, காசு கொடுத்து வாங்குவது உள்ளே திணித்திருக்கும் பஃப் நுரையின் தரத்தை. குளிக்கப் பத்து நிமிடத்துக்கு முன் போட்டு, குளித்ததும் அணைக்கிற வீட்டில் ஐந்து நட்சத்திரமும் மூன்று நட்சத்திரமும் பெரிய வித்தியாசம் காட்டாது. காலையில் போட்ட சுவிட்சை ராத்திரிதான் அணைக்கிற வீட்டில் காட்டும். தெர்மோஸ்டாட்டை 75இல் வைத்துவிட்டு, வரும் தண்ணீரில் பச்சைத்தண்ணீரைக் கலந்து குளிப்பவர்களைக் கண்டால் அவருக்குக் கோபமே வரும். தினமும் குளித்துத் தீர்க்கிற சின்னக் கீசருக்கு 55 தாராளம். சூடு ஏறஏற உப்பும் அதிகமாகப் படியும், சுருளும் சீக்கிரம் போகும்.

சோலார் அலை கோவைக்கு வந்தது 2010க்குப் பிறகு. அந்த ஜனவரியில் மத்திய அரசு ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய ஆற்றல் திட்டத்தைத் தொடங்கி, வெந்நீர்க் கருவிகளுக்கும் மானியம் கொடுத்தது. 2012இல் தமிழ்நாட்டில் அடித்த மின்வெட்டு மிச்ச வேலையைச் செய்தது. பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்கிற ஊரில் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லை. காலை ஆறு மணிக்குக் கீசர் ஓடும் என்பதற்கே உத்தரவாதம் இல்லாதபோது, மொட்டைமாடியில் கரண்டே இல்லாமல் காய்கிற தண்ணீருக்கு யார் வேண்டாம் என்பார்கள்? தெருவுக்குத் தெரு டீலர்கள் முளைத்தார்கள். மாட்டத் தெரிந்தவர்கள் மட்டும் அந்த வேகத்தில் முளைக்கவில்லை.

மாட்ட வேண்டியவை இரண்டு வகை. தட்டைப் பலகை வகையில், கண்ணாடி மூடிய பெட்டிக்குள் கருப்புப் பூச்சுடன் செப்புத் தகடும் அதில் ஒட்டிய செப்புக் குழாய்களும் இருக்கும். சுமார் இரண்டு சதுர மீட்டர் பலகை ஒன்று, நூறு லிட்டரைச் சுற்றித் தண்ணீர் காய்ச்சும். இன்னொன்று கண்ணாடிக் குழல் வகை. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குழல்கள், நடுவில் வெற்றிடம். காபி எடுத்துப்போகும் பிளாஸ்க்கைப் போன்ற ஏற்பாடு. இரண்டிலுமே பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் லேசாகி மேலே டேங்குக்கு ஏறும், குளிர்ந்தது கனத்துக் கீழே இறங்கும், வெயில் உள்ளவரை இந்தச் சுற்று நிற்காது. பலகையைத் தெற்குப் பார்த்துச் சாய்த்து வைப்பதும் இரண்டுக்கும் பொது. கோவை 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் பிற்பாதியில் நடுப்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் வந்து, அதன்பின் சில மாதம் வடக்கே போய்விடும். அப்போது பலகைக்கு வெயில் சரிந்துதான் விழும். விழட்டும், அந்தக் கோடையில் வெந்நீர் கேட்பவர்கள் யார்? மார்கழிக்காகத்தான் சாய்வைக் கொஞ்சம் கூட்டியே வைப்பது.

எந்த வகையை மாட்டுவது என்பதைக் கோயம்புத்தூரில் தீர்மானிப்பது தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் வருகிற பகுதிகளில் செப்புப் பலகை வருடக்கணக்கில் ஒரு குறையும் சொல்லாது. சிறுவாணியின் மென்மையைப் பற்றி ஊர்க்காரர்கள் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள். சோலார் மெக்கானிக்கும் அந்தக் கட்சிதான். நகரம் வளர்ந்து பரவிய கிழக்கிலும் வடக்கிலும் கதை வேறு. ஆழ்குழாய் உப்புத்தண்ணீரைத் தொட்டியில் ஏற்றி, அதையே சோலாருக்கும் விடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு சூடு ஏறியதும் பிரிந்து குழாயின் உள்சுவரில் ஒட்டும். பலகைக்குள் ஓடும் மெல்லிய செப்புக் குழாய்கள் இரண்டு மூன்று வருடத்தில் இதய நோயாளியின் கதிக்கு வந்துவிடும். மேலே வெயில் கொளுத்தும், டேங்கில் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டாது. "சோலார் கம்பெனி ஏமாத்திட்டான்" என்று வீட்டுக்காரர் சொல்வார். அமில மருந்து விட்டுக் கழுவினால் வெளியே வருவது வெள்ளை வெள்ளையாய்ச் சுண்ணாம்பு.

உப்புத்தண்ணீர் வீடுகளுக்கு அவர் கண்ணாடிக் குழலைச் சொல்வது இதனால்தான். குழலின் வாய் அகலம். உப்பு அடியில் படிந்தாலும் அடைப்பதற்கு நாளாகும், கழற்றிக் கழுவவும் முடியும். ஒரு குழல் போனால் அதை மட்டும் மாற்றலாம். போய்விட்டதா என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. குழலின் அடிமுனையில் பேரியம் பூச்சு வெள்ளிபோல மின்னிக்கொண்டிருக்கும். வெற்றிடத்துக்குள் காற்று புகுந்த அன்றே அது வெளுத்துப்போகும். வீட்டுக்காரர் கீழே காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் அவர் மாடியில் குழல் வரிசையைக் குனிந்து பார்த்து, எத்தனை செத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

கண்ணாடிக்கு உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. தொட்டி காலியாகி, வெயிலில் வெறுமனே கிடக்கும் குழலின் உட்சுவர் இருநூறு டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். மத்தியானம் தண்ணீர் லாரி வந்து, தொட்டி நிறைந்து, பச்சைத்தண்ணீர் அதில் பாய்ந்தால் குழல் வெடிக்கும். தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் இப்படி வரிசையாகக் குழல் உடைந்த வீடுகளை அவர் பார்த்திருக்கிறார். விடிவதற்கு முன்னாலோ பொழுது சாய்ந்த பிறகோ நிரப்ப வேண்டும் என்பதை வாரண்டி அட்டையில் எங்கோ அச்சடித்திருப்பார்கள். அவர் அதை ஸ்டாண்டின் காலிலேயே பெயின்ட்டால் எழுதிவிட்டு வருகிறார்.

இனி உயரம். டீலர் கடையில் யாரும் பேசாத விஷயம் இது. பச்சைத்தண்ணீர் தன் கனத்தில் சோலார் டேங்குக்குள் இறங்க வேண்டுமானால், மாடித் தொட்டியின் அடி சோலார் டேங்கின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். சோலார் ஸ்டாண்டோ ஆள் உயரம். பல வீடுகளில் சின்டெக்ஸ் தொட்டி தளத்தோடு தளமாக உட்கார்ந்திருக்கும். அங்கே போய் எப்படியோ மாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தொட்டி விளிம்புவரை நிறைந்திருக்கும்போது மட்டும் வெந்நீர் வரும், கால்வாசி இறங்கினால் நின்றுபோகும். தொட்டியைத் தூக்க ஆங்கிள் ஸ்டாண்ட் அடிக்கலாம், நாலு தூண் எழுப்பலாம். எதுவானாலும் செலவு சோலாரின் விலையில் நல்ல பங்கு வந்துவிடும். கோபித்துக்கொள்ளாமல் இதைக் காதில் வாங்குகிற வீட்டுக்காரர் அபூர்வம்.

ஷவரில் வேகம் போதவில்லை என்று பிரஷர் பம்ப் வைக்கிற வழக்கம் வந்தபின் இன்னொரு தலைவலி. சாதாரண சோலார் டேங்க் அழுத்தம் தாங்கச் செய்ததில்லை. மேலே காற்றுக்குழாய் திறந்தே இருக்கும். பச்சைத்தண்ணீர் லைனில் மட்டும் பம்ப் இருந்தால், மிக்ஸர் குழாயில் அந்த அழுத்தம் வெந்நீர் லைனைப் பின்னுக்குத் தள்ளும். குளிக்கிறவர் பச்சைத்தண்ணீரில் நடுங்குவார், மொட்டைமாடியில் காற்றுக்குழாய் வழியாக வெந்நீர் பொங்கி வழியும். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இதற்காகச் சோலார் டேங்கையே இரண்டு முறை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். தேவைப்பட்டது ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும், இரண்டு லைனுக்கும் சமமான அழுத்தமும்.

உயரத்துக்கு அடுத்தது தூரம். முக்கால் அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். மாடியின் ஒரு கோடியில் சோலார், கீழ்த்தளத்தில் எதிர்க் கோடியில் குளியலறை என்றால் குழாய் இருபது மீட்டர் சாதாரணமாக ஓடும். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த ஐந்து லிட்டரைத் திறந்து விட்டால்தான் சூடானது வந்து சேரும். குளித்து முடித்ததும் அதே குழாயில் இன்னொரு ஐந்து லிட்டர் வெந்நீர் நின்று ஆறும். கைகழுவும் தொட்டிக்கும் சமையலறைக்கும் தனித்தனியாக இப்படி லைன் இழுத்த வீடுகளில், சோலார் காய்ச்சியதில் கணிசமான பகுதியைச் சுவர்கள்தான் குளிக்கின்றன. சமையலறை சிங்க்கில் குழாயைத் திறந்து சூடு வருமுன்பே பாத்திரம் கழுவி முடித்துவிடுவார்கள். வெந்நீர் பாதி வழியில் நிற்கும். சமையலறைக்கு வெந்நீர் லைன் வேண்டாம் என்று அவர் வாதாடுவார். ஏதாவது வேண்டும் என்றால் சிங்க்குக்கு அடியில் மூன்று லிட்டர் சின்ன ஹீட்டர் போதும்.

குழாய்க்குச் சுற்றும் கருப்பு நுரை உறையும் கவனிக்க வேண்டியது. மாடி வெயிலில் அது இரண்டு மூன்று கோடையில் பொடிப்பொடியாய் உதிர்ந்துவிடும். மேலே அலுமினிய ஃபாயிலோ வேறு உறையோ சுற்றினால் நிற்கும். சுவருக்குள் பதிக்கும் குழாய்க்கும் உறை வேண்டும் என்றால் கொத்தனார் காடியை அகலமாக வெட்ட வேண்டும், அவருக்குப் பிடிக்காது. சி.பி.வி.சி. குழாய்தான் வெந்நீருக்கு. விலை குறைவு என்று வெள்ளை பி.வி.சி.யை இழுத்துவிட்டுப் போன இடங்களில் குழாய் தொங்கலாடியதையும் இணைப்புகள் பிரிந்ததையும் சரிபண்ணியே அவருக்கு ஒரு பருவம் ஓடியது.

சோலார் டேங்குக்குள் இரண்டு கிலோவாட் மின்சுருள் ஒன்றும் இருக்கும். மழை நாளுக்கென்று வைத்தது. அதைத் தானியங்கியாக விட்டுவிடுகிற வீடுகளில் என்ன நடக்கும்? ராத்திரி எல்லோரும் குளித்ததும் டேங்கில் பச்சைத்தண்ணீர் நிறையும், சுருள் விழித்துக்கொண்டு நூறு லிட்டரையும் காய்ச்சிவைக்கும். விடிந்து வெயில் வரும்போது காய்ச்சுவதற்குத் தண்ணீரே மிச்சமிருக்காது. மாடியில் சோலார் இருக்க மின்கட்டணம் மட்டும் ஏறிவிட்டது என்று கூப்பிட்டவர்கள் வீட்டில் அவர் முதலில் தேடுவது இந்தச் சுவிட்சைத்தான். நூறு லிட்டரை 30 டிகிரி ஏற்றினால் மூன்றரை யூனிட். அதைத் தினமும் தெரியாமல் எரிக்கிறார்கள்.

குளிக்கிற நேரம் இந்தத் தொழிலின் மிகப் பழைய சிக்கல். அமெரிக்காவின் பால்டிமோரில் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் 1891இல் காப்புரிமை வாங்கிய 'கிளைமாக்ஸ்' சூரிய வெந்நீர்ப் பெட்டியில், கண்ணாடிக்குப் பின்னால் கருப்புத் தொட்டிகளே வெயில் காய்ந்தன. சாயங்காலம் கொதிக்கும், ராத்திரியில் ஆறிவிடும். 1909இல் கலிஃபோர்னியாவில் வில்லியம் பெய்லி வெயில் காயும் பலகையைத் தனியாகவும், வெப்பம் போகாமல் மூடிய டேங்கைத் தனியாகவும் பிரித்தார். தன் நிறுவனத்துக்கு 'டே அண்ட் நைட்' என்றே பெயர் வைத்தார். இன்றைக்கும் வடவள்ளி மாடியில் நிற்பது அவர் போட்ட ஏற்பாடுதான். அப்படியும், சாயங்காலம் குளிக்கிற குடும்பத்துக்கும் காலை ஐந்தரைக்குக் குளிக்கிற குடும்பத்துக்கும் ஒரே அளவு டேங்க் பொருந்தாது. நம் ஊரில் காலைக் குளியல்தான் பெரும்பாலும். ராத்திரி முழுக்க டேங்க் சூட்டைத் தாங்க வேண்டியிருப்பதால், நுரைக் காப்பின் கனத்தில் மிச்சம் பிடிக்கிற டேங்கை அவர் தொடவே மாட்டார்.

நீலகிரி வேலை தனி அத்தியாயம். சம்பளம் நன்றாக இருக்கும், தொல்லையும் அப்படியே. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். வானம் தெளிந்த இரவில் பலகை தன் சூட்டையெல்லாம் ஆகாயத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். அதனால் காற்று பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருக்கும்போதே செப்புக் குழாய்க்குள் தண்ணீர் உறைந்துவிடுவதுண்டு. உறையும்போது தண்ணீர் 9 சதவீதம் பருக்கும், குழாய் பிளக்கும். பிளந்தது காலையில் தெரியாது. பத்து மணி வெயிலில் பனி இளகி, மாடியெல்லாம் தண்ணீர் ஓடும்போது தெரியும். கண்ணாடிக் குழலுக்கு வெற்றிடம் காவல் என்பதால் அங்கே அதுதான் தாங்குகிறது. ஆனால் கண்ணாடிக் குழல் என்றால் குரங்கு. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் குரங்குகள் சூடான டேங்கின் மேல் உட்கார்ந்து குளிர்காயும். இறங்கும்போது குழலில் கால்வைக்கும். கம்பி வலை போட்டால் வெயில் கொஞ்சம் மறையும், போடாவிட்டால் வருடத்துக்குச் சில குழல் கணக்கு. மலைக்காரர்கள் பெரும்பாலும் வலையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கேஸ் கீசரைப் பற்றிக் கேட்டால் அவர் பேச்சை வளர்ப்பதில்லை. பாத்ரூமுக்குள் மாட்டமாட்டார். மூடிய சின்ன அறைக்குள் சுடர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். மணம் கிடையாது, நிறம் கிடையாது, குளிக்கப் போனவர் வெளியே வரமாட்டார். வெளிச்சுவரில், திறந்தவெளியில் மாட்ட இடமிருந்தால் மட்டும் பேசலாம்.

கடந்த சில வருடங்களாக அவர் அதிகமாக மாட்டுவது ஹீட் பம்ப். அடுக்ககங்களில் மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. சோலார் வைக்க இடமும் கிடைக்காது, சம்மதமும் கிடைக்காது. மைய சோலார் வைத்த அடுக்ககங்களிலோ மேல்மாடிக்காரர் குளித்து முடித்த பிறகுதான் தரைத்தளத்துக்குச் சூடு எட்டும். சங்கக் கூட்டத்தில் இந்தத் தகராறு நிற்காது. ஹீட் பம்ப் ஏசியின் வேலையைத் திருப்பிச் செய்கிறது. சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி, கம்ப்ரஸரால் அதை உயர்த்தி, தண்ணீருக்குள் விடுகிறது. வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்ற மட்டும் செய்வதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, மூன்றரை யூனிட் அளவு சூடு கிடைக்கும். 200 லிட்டரை 25இலிருந்து 55 டிகிரிக்கு ஏற்றச் சாதாரணச் சுருளுக்கு 7 யூனிட் வேண்டும். இதற்கு இரண்டு, இரண்டேகால் போதும். ஜப்பானில் 2001இலிருந்தே கார்பன் டை ஆக்சைடை வாயுவாகக் கொண்ட 'ஈகோக்யூட்' என்ற வகை வீடுகளுக்கு வந்துவிட்டது. நம் சமவெளிகளில் வருடம் முழுக்கக் காற்றே சூடாக இருப்பதால் இந்த எந்திரத்துக்கு இது பிடித்த ஊர்.

ஆனால் காற்று வேண்டும். சன்னல் இல்லாத ஸ்டோர் ரூமில் அதைக் கொண்டுபோய் வைத்தால், அறையைத் தானே குளிரவைத்துக்கொண்டு, குளிர்ந்த அந்தக் காற்றிலேயே வெப்பத்தைத் தேடி மூச்சுவாங்கும். மின்கணக்கு ஏறும். பால்கனியிலோ சர்வீஸ் ஏரியாவிலோ வைத்தால் வேலை செய்யும். படுக்கையறைச் சுவரை ஒட்டி வைத்தால் கம்ப்ரஸர் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் வருவார்கள். ஏசி போலவே இதிலிருந்தும் தண்ணீர் சொட்டும், அதற்கொரு வடிகுழாய் விட வேண்டும். சிக்கனம் என்று சொல்லி 45 டிகிரியிலேயே நிரந்தரமாக வைத்துவிடுவதையும் அவர் ஒப்புக்கொள்வதில்லை. பெரிய டேங்கில் வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீர் லெஜியோனெல்லா கிருமிக்குத் தோதான இடம். அவ்வப்போது 60 டிகிரிக்கு ஏற்றி இறக்க வேண்டும். எந்திரங்கள் பலவற்றில் அதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கும். அணைத்துவைத்திருப்பார்கள்.

2024 பிப்ரவரியில் பிரதமரின் சூர்யகர் திட்டம் வந்து, வீட்டு மாடியில் மின்சாரம் எடுக்க மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்க ஆரம்பித்ததும் கேள்வி வேறு திசைக்குப் போனது. மாடியில் உள்ள இடத்தைக் கரண்டு பலகைக்குக் கொடுப்பதா, வெந்நீருக்குக் கொடுப்பதா? வெந்நீர்ப் பலகை தன்மேல் விழும் வெயிலில் பாதியைச் சூடாக்கித் தரும். கரண்டு பலகை ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். ஆனால் அந்த மின்சாரத்தில் ஹீட் பம்ப் ஓட்டினால் பள்ளம் மேடாகிவிடுகிறது. வெந்நீர் வேண்டாத கோடையில் அதே கரண்டு மின்விசிறிக்கும் ஃபிரிட்ஜுக்கும் போகும். இத்தனை வருடம் சோலார் ஹீட்டர் மாட்டியே கடை நடத்தியவர், மாடியில் இடம் குறைந்த வீடுகளுக்கு இன்று கரண்டு பலகையைத்தான் சொல்கிறார். பழைய டீலர்களுக்கு அவர்மேல் வருத்தம்.

சமீபத்தில் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு வீடு. சுவர் எழும்பியிருக்கிறது, பூச்சு இன்னும் ஆகவில்லை. ஐ.டி. வேலையில் இருக்கும் தம்பதி, கூடவே பெற்றோர். ஹீட் பம்ப், மாடியில் கரண்டு பலகை எல்லாம் முன்கூட்டியே தீர்மானித்து, அட்டவணை போட்டு வைத்திருந்தார்கள். அவர் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். பெற்றோரின் குளியலறை தரைத்தளத்தின் தென்மேற்கில். தம்பதியின் குளியலறை மேல்தளத்தின் வடகிழக்கில். எந்திரம் வைக்க ஒதுக்கிய இடம் இரண்டுக்கும் தூரமாகப் போர்ட்டிகோவின் மேலே.

"அம்மணி, எந்த மெஷின் வாங்குனாலும் பெரியவங்க ஒரு வாளி பச்சத்தண்ணிய ஊத்திட்டுத்தான் குளிக்கணும். மேல் பாத்ரூம இந்தப் பக்கம், கீழ இருக்கற பாத்ரூமுக்கு நேர் மேல கொண்டுவந்துட்டா, மெஷின அந்த வெளிச் செவுத்துலயே நிறுத்திரலாமுங்க. பைப்பு பாதிக்குப் பாதி கொறையும். இப்பன்னா செவுத்துல கோடு அழிக்கறதோட போச்சு."

என்ஜினீயருக்கு ஃபோன் போயிற்று. கழிவுநீர்க் குழாயும் ஒரே பக்கமாக வந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்துச் சரி என்றார். துணி அலமாரியை எங்கே வைப்பது என்று கணவனும் மனைவியும் சற்று நேரம் பேசிக்கொண்டார்கள். கொத்தனார்தான் முனகினார், அடித்துவைத்திருந்த சுண்ணாம்புக் கோடு அழிந்து வேறு சுவருக்குப் போனது. அகலமாகக் காடி வெட்டச் சொல்லிவிட்டு, நுரை உறை எத்தனை மீட்டர் வேண்டும் என்று பிளம்பர் டேப்பைப் பிடித்து அளக்க ஆரம்பித்தார்.